பேசும் பீர், பேசாத பீர்

நண்பன் ஒருவன் வீடு மாறிய நாள் அது. சின்ன வண்டி ஒன்றில் நான்கு நடை அடித்து, எட்டுப் பேர் சேர்ந்து பீரோ, கட்டில், வாஷிங் மெஷின், புத்தக மூட்டைகள் எல்லாவற்றையும் மூன்றாவது மாடிக்கு ஏற்றி முடித்தபோது இருட்டிவிட்டது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. விளக்கு ஒன்றுதான் எரிந்தது. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே கிடைத்த இடத்தில் ஆளாளுக்குச் சாய்ந்து உட்கார்ந்தோம்.

நான் கையோடு கொண்டுபோயிருந்தது ரோஷ்ஃபோர் 10. பெல்ஜியத்தில் ட்ராப்பிஸ்ட் துறவிகள் தங்கள் மடத்துக்குள்ளேயே காய்ச்சும் பீர். ஆல்கஹால் 11.3 சதவீதம். ஒரு வருடமாக அலமாரிக்குள் இருட்டில் நிற்க வைத்துப் பாதுகாத்து வந்தேன். புது வீட்டுக்கு இதைவிட நல்ல பரிசு இருக்க முடியாது என்று உறுதியாக நம்பினேன்.

எல்லோருக்கும் தொண்டை வறண்டிருந்தது. தண்ணீர் குடிப்பதுபோல் குடித்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு பேர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார்கள். ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு பால்கனிக்குப் போனான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டு, மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் பத்து நிமிடம் நின்ற கதையை அன்றைக்கு யாருமே பேசவில்லை. பேசியிருந்தால் அதை வைத்தே இரவு முழுவதும் சிரித்திருப்போம். மீதியிருந்த நான்கு பேரும் நானும் மாறி மாறிக் கொட்டாவி விட்டோம்.

பீரில் ஒரு குறையும் இல்லை. உலகத்தில் எனக்குப் பிடித்த ஐந்து பீர்களைச் சொல்லச் சொன்னால் இன்றும் அதற்கு இடமுண்டு. ஆனால் அந்த இரவில் பேச வேண்டியவர்கள் நாங்கள். நான் கொண்டுபோன பீர், தானே பேசிக்கொண்டிருக்கும் பீர். உலர்ந்த அத்திப்பழம், கருப்பட்டி, மிளகு, ரம் என்று ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றைச் சொல்லும். அதைக் கேட்க யாருக்கும் தெம்பில்லை. அது பேசிய வேகத்தில் எங்கள் பேச்சும் அடங்கிவிட்டது.

அன்றிலிருந்து பீர் எடுக்கப் போகும்போது ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இன்று பேசப்போவது யார்? மனிதர்கள் நிறையப் பேசப்போகிறார்கள் என்றால் பீர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மனிதர்கள் அமைதியாக இருக்கப்போகிறார்கள் என்றால் பீர் பேசலாம்.

பேசாத பீர் என்றதும் வெறும் தண்ணீர் மாதிரி ஒன்று நினைவுக்கு வரக்கூடாது. நான் சொல்வது பில்ஸ்னர். நல்ல பில்ஸ்னரைக் காய்ச்சுவதுபோல் கடினமான வேலை பீர் உலகில் அதிகமில்லை. கறுப்பு பீரில் வறுத்த மணம் ஒரு தவறை மூடிவிடும், ஐபிஏ எனப்படும் இந்தியா பேல் ஏலில், கசப்புக்காகச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் வாசனை மூடிவிடும். பில்ஸ்னரில் ஒளித்து வைக்க இடமே கிடையாது.

அது பிறந்த கதையும் எனக்குப் பிடிக்கும். இன்றைய செக் நாட்டின் பில்சென் நகரத்தில் 1838ஆம் ஆண்டு, ஊர் பீர் கெட்டுப்போய் வந்ததால் 36 பீப்பாய்களை நகர மன்றத்துக்கு முன்னால் கொண்டுவந்து தரையில் கொட்டினார்கள். காய்ச்சும் உரிமை பெற்றிருந்த குடிமக்கள் சேர்ந்து புதிய ஆலை ஒன்றைக் கட்டினார்கள். ஜெர்மனியின் பவேரியாவிலிருந்து யோசஃப் க்ரோல் என்பவரை வரவழைத்தார்கள். 1842 அக்டோபர் 5ஆம் தேதி அவர் காய்ச்சிய பீர், அதுவரை அந்த ஊர் பார்த்திராத பொன்னிறத்தில் வந்தது. இன்று உலகத்தில் குடிக்கப்படும் பீரில் மிகப் பெரும் பகுதி அதன் பிள்ளையும் பேரப்பிள்ளையும்தான். அந்த முதல் பீர் பில்ஸ்னர் உர்க்வெல் என்ற பெயரில், அதே ஊரில் இன்னும் வருகிறது.

க்ரோலுக்கு நான்கு விஷயங்கள் கூடிவந்தன. பில்சென் தண்ணீர் மிக மென்மையானது, தாது உப்புகள் சொற்பம். அதனால் கசப்பு நாக்கில் குத்தாமல் உருண்டு போகும். பக்கத்து ஷாட்டெட்ஸ் வட்டாரத்தில் விளையும் சாஸ் ஹாப்ஸுக்குப் பூவும் மூலிகையும் கலந்த மெல்லிய வாசனை. முளைகட்டிய பார்லியை, அதாவது மால்ட்டை, நிறம் ஏறாமல் பக்குவமாகக் காயவைக்கும் புதிய முறை வந்திருந்தது. நான்காவது, பவேரியாவின் லாகர் ஈஸ்ட். ஏல் வகை ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேகமாக வேலை செய்து பழ வாசனைகளை உண்டாக்கிவிடும். லாகர் ஈஸ்ட் பத்து டிகிரிக்கு அக்கம்பக்கத்தில், குளிரில், நிதானமாக நொதிக்கும். அப்புறம் பல வாரங்கள் இன்னும் கடுங்குளிரில் கிடக்கும். ஜெர்மன் மொழியில் 'லாகர்ன்' என்றால் சேமித்து வைப்பது. அந்தக் கிடப்பில்தான் முரட்டு வாசனைகள் எல்லாம் அடங்கும். ஒரு பீருக்கு அமைதியாக இருக்கக் கற்றுக்கொடுக்கும் வேலை அது என்று எனக்குத் தோன்றும்.

குடிக்கும்போது முதலில் ரொட்டி மேலோட்டின் இனிப்பு. உடனே கசப்பு வந்து அந்த இனிப்பைத் துடைத்துவிட்டுப் போகும். வாய் சுத்தமாக இருக்கும், அடுத்த வாய்க்குத் தயாராக. அவ்வளவுதான். அது உங்களை எதையும் யோசிக்கச் சொல்லாது. சொல்லிக்கொண்டிருந்த கதையின் நடுவில் கை தானாகக் கிளாஸை எடுக்கும், வைக்கும், கதை அறுபடாது. உர்க்வெல்லின் ஆல்கஹால் 4.4 சதவீதம்தான் என்பதால் கதை முடியும்வரை தலையும் நிதானமாக இருக்கும்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை உறையும் அளவுக்குக் குளிரவைக்க வேண்டாம். ஏழு டிகிரி போதும். மிகக் குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும், மால்ட் ருசி மொத்தமும் போய்விடும். ஊற்றும்போது இரண்டு மூன்று விரல் அளவுக்கு நுரை நிற்கட்டும். நுரை வேண்டாம் என்று கிளாஸைச் சாய்த்து ஊற்றுகிறவர்கள் பீரின் வாசனையில் பாதியைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள்.

கூட்டத்துக்கான இன்னொரு பீர் கோல்ஷ். ஜெர்மனியின் கொலோன் நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் இருந்த 24 ஆலைகள் 1986இல் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி, அந்த வட்டாரத்தில் காய்ச்சுவதற்கு மட்டும்தான் அந்தப் பெயர். ஏல் ஈஸ்ட்டில் நொதிக்கவைத்து, லாகர் மாதிரி குளிரில் கிடத்துவார்கள். அதனால் ஆப்பிள், பேரிக்காய் மாதிரி ஒரு மெல்லிய வாசனை மட்டும் மிஞ்சும். ஆனால் நான் இங்கே அதைச் சொல்வது ருசிக்காக அல்ல, கிளாஸுக்காக. நேராக, ஒல்லியாக, 200 மில்லி மட்டும் பிடிக்கும் கிளாஸ். அங்கே பரிமாறுகிறவரை கோபெஸ் என்பார்கள். கிளாஸ் காலியானதும் நீங்கள் கேட்காமலே அடுத்ததை வைத்துவிட்டு, கிளாஸுக்குக் கீழே இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். போதும் என்றால் அந்த அட்டையை எடுத்துக் கிளாஸ் மேல் மூடிவிட வேண்டும். வாயைத் திறக்கவே வேண்டாம். அந்த ஊரில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்திருந்தபோது கவனித்தேன். யாரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பரிமாறுகிறவரைத் தேடவில்லை. பீர் சூடாகவும் நேரமில்லை. பேச்சுக்கு இடைஞ்சல் வராமல் ஒரு ஊரே சேர்ந்து ஏற்பாடு செய்துகொண்டதுபோல் இருந்தது.

கோதுமை பீருக்கு வருகிறேன். இது பேசும், ஆனால் கலகலவென்று, குழந்தை பேசுவது மாதிரி. வெயிலில் நீண்ட தூரம் சைக்கிள் ஓட்டிவிட்டு வந்த மதியத்துக்கு, அதற்கப்புறம் அன்று எந்த வேலையும் இல்லாத விடுமுறைக்கு இதைவிட எனக்கு வேறு தெரியாது. பவேரியாவின் ஹெஃபவைசனில் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். முதல்முறை குடிப்பவர்கள் பழம் போட்டிருக்கிறார்களா என்று கேட்பார்கள். எதுவும் போடவில்லை, ஈஸ்ட் செய்யும் வேலை அது. பாட்டிலில் முக்கால்வாசியை உயரமான கிளாஸில் ஊற்றிவிட்டு, மீதியை மெதுவாகச் சுழற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டைக் கலக்கி மேலே ஊற்ற வேண்டும். கலங்கலாக இருப்பதுதான் அதன் அழகு.

ஒரு காலத்தில் பவேரியாவில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை அரச குடும்பத்தின் கையில் இருந்தது. 1516ஆம் ஆண்டுச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் மட்டும்தான் என்றது. கோதுமை பீர் மட்டும் அதற்கு விதிவிலக்கு. மக்களின் விருப்பம் மாறி அந்த பீர் மங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 1872இல் கேயோர்க் ஷ்னைடர் என்பவர் அரசர் இரண்டாம் லுட்விக்கிடமிருந்து அந்த உரிமையைப் பெற்றார். ஷ்னைடர் வைஸ அப்படித்தான் இன்றுவரை வருகிறது. பெல்ஜியத்திலும் இதே மாதிரி ஒரு கதை உண்டு. ஹுகார்டன் கிராமத்தின் கடைசி வெள்ளை பீர் ஆலை 1950களில் மூடிவிட்டது. சிறுவயதில் அந்த ஆலையில் கைவேலை செய்து பழகிய பால்காரர் பியர் செலிஸ், 1960களின் நடுவில் தானே அதைக் காய்ச்சத் தொடங்கினார். முளைகட்டாத கோதுமை, கொத்தமல்லி விதை, உலர்ந்த ஆரஞ்சுத் தோல். அவர் ஒருவர் நினைத்திருக்காவிட்டால் அந்த வகையே இன்று நமக்குக் கிடைத்திருக்காது. ஒவ்வொரு முறை அதைக் குடிக்கும்போதும் அவரை நினைத்துக்கொள்வேன்.

மெர்ட்சன் பற்றி ஒரு வார்த்தை. 1553ஆம் ஆண்டு ஆணைப்படி பவேரியாவில் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை பீர் காய்ச்சத் தடை. கோடையின் சூட்டில் கெட்டுப்போகும் என்பதே காரணம். அதனால் மார்ச் மாதத்தில் கொஞ்சம் கனமாகக் காய்ச்சி, குளிர்ந்த நிலவறைகளில் வைத்துக் கோடையைக் கடத்தினார்கள். மார்ச் பீர் என்பதுதான் பெயரின் பொருள். வெயில் தணிந்து முதல் குளிர்காற்று வரும் மாலையில் அதைக் குடித்தால், காலண்டரே அந்த பீரைச் செய்தது என்பது நாக்கில் தெரியும்.

இனி ஸ்டவுட், கின்னஸ் மாதிரியான கறுப்பு பீர். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

அப்பாவின் மறைவுக்குப் பின் அண்ணனுக்கும் எனக்கும் வீட்டுப் பங்கு விஷயத்தில் மனக்கசப்பு. இரண்டு வருடம் பேசவில்லை. உறவினர் ஒருவரைப் பார்க்க மருத்துவமனைக்குப் போன இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வெளியே வந்தோம். மழை பிடித்துக்கொண்டது. எதிரில் ஒரு பப். வேறு ஒதுங்க இடமில்லை. ஒரே மேசையில் உட்கார வேண்டியதாயிற்று. இரண்டு கின்னஸ் சொன்னேன், அவனைக் கேட்காமலே. அவனுக்கு அது பிடிக்கும் என்று தெரியும்.

கின்னஸை ஒரே மூச்சில் ஊற்றிவிடக் கூடாது. கிளாஸில் முக்கால் பங்கு ஊற்றி, அது அடங்கும்வரை நிறுத்திவைத்து, அப்புறம் மீதியை நிரப்ப வேண்டும். அந்த நிறுவனம் சொல்லும் நேரம் 119.5 விநாடி. நாங்கள் கவுன்டருக்குப் பக்கத்து மேசையில் இருந்தோம். இரண்டு கிளாஸும் எங்கள் கண்ணுக்கு நேராக நின்றன. பழுப்பு நிறத்தில் மேகம் மாதிரி ஒன்று உள்ளே புரண்டது. கண்ணாடி ஓரத்தில் குமிழிகள் கீழ்நோக்கி இறங்கின. மெல்ல மெல்ல அடியிலிருந்து கறுப்பு ஏறியது, மேலே வெள்ளை ஒதுங்கியது.

குமிழி கீழே இறங்குவது கண்ணின் மயக்கம் இல்லை, உண்மையாகவே இறங்குகிறது. கிளாஸ் மேலே போகப்போக அகலமாவதால், நடுவில் குமிழிகள் நெருக்கமாகவும் ஓரத்தில் குறைவாகவும் இருக்கும். நடுவில் ஏறும் குமிழிகள் பீரையும் சேர்த்து மேலே இழுத்துப்போகும். அந்த பீர் ஓரமாகக் கீழே திரும்பும்போது அங்கிருக்கும் சின்னக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மற்ற பீர்களில் இது கண்ணுக்குப் படாததற்குக் காரணம் வாயு. கார்பன் டை ஆக்சைடு பெரிய குமிழியாக வேகமாக ஏறிவிடும். கின்னஸில் நைட்ரஜனும் கலந்திருக்கிறது. அது பீரில் எளிதில் கரையாது, மிகச் சிறிய குமிழியாக வரும். நுரை பாலேடு மாதிரி நிற்பதும் அதனால்தான். 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் செயின்ட் ஜேம்ஸஸ் கேட் ஆலையை 9,000 வருடக் குத்தகைக்கு எடுத்தார். நைட்ரஜன் வந்தது இருநூறு வருடம் கழித்து, 1959இல். அதைச் செய்து காட்டிய மைக்கேல் ஆஷ் ஒரு கணிதம் படித்தவர். புள்ளியியலில் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் டி-சோதனையை எழுதிய வில்லியம் கோசெட்டும் அதே ஆலையில் வேலை பார்த்தவர்தான். பார்லியையும் ஹாப்ஸையும் எடுத்துக்கொண்டு, கொஞ்சம் மாதிரிகளை மட்டும் வைத்து எப்படி உறுதியாக முடிவுக்கு வருவது என்ற கேள்வியிலிருந்து பிறந்த கணக்கு அது. என் வேலையில் வாரத்துக்கு ஒருமுறையாவது அதைப் பயன்படுத்துகிறேன். அது ஒரு பீர் ஆலையிலிருந்து வந்தது என்று நினைக்கும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடும்.

சரி, அந்த இரண்டு நிமிடம். எதிரும் புதிருமாக உட்கார்ந்த இரண்டு பேர் இரண்டு வருடக் கோபத்தோடு பேசாமல் இருந்தால் அது தாங்க முடியாத அமைதி. ஆனால் பார்ப்பதற்கு ஒன்று இருந்தது. இருவரும் அதையே பார்த்தோம். பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது. கறுப்பு முழுக்க ஏறி, கடைசிக் குமிழியும் நின்றபோது அண்ணன் கேட்டான். "முழங்கால் வலி இப்போ எப்படிடா இருக்கு?"

எனக்கு முழங்கால் வலி வந்தது அப்பா இருக்கும்போது. அவன் மறக்கவில்லை.

அன்று நாங்கள் பங்கு பற்றி ஒன்றுமே பேசவில்லை. பேசிய மொத்த வார்த்தைகளை ஒரு தாளின் பாதியில் எழுதிவிடலாம். ஆளுக்கு ஒரு கிளாஸ், ஒரு மணி நேரம். ஸ்டவுட் பார்க்கக் கனமாகத் தெரியும். ஆனால் டிராட் கின்னஸில் 4.2 சதவீதம்தான் ஆல்கஹால், பில்ஸ்னரைவிடக் குறைவு. வறுத்த பார்லியின் காபிக் கசப்பு, கடைசியில் லேசான புளிப்பு, வழவழப்பு. அது பேசும்தான், ஆனால் தாழ்ந்த குரலில், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் கேட்கும்படி. சொல்ல வார்த்தை கிடைக்காத இரண்டு பேருக்கு நடுவில் வைக்க எனக்குத் தெரிந்த பீர் இது ஒன்றுதான். அதன்பின் ஒரு நண்பனின் அம்மா இறந்து ஒரு மாதம் ஆனபோதும், இன்னொருவன் வேலை போய் வந்து நின்றபோதும் இதைத்தான் வாங்கினேன்.

இதே இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோபத்தில் இருக்கும்போது எந்த பீரும் பொருந்தாது. துக்கத்துக்குத் துணையாக ஒன்று போதும், மூன்றாவது கிளாஸில் துக்கம் இரண்டு மடங்காகும். வண்டி ஓட்டப்போகிறவர் கிளாஸில் ஆல்கஹால் இருக்கவே கூடாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. நல்லவேளையாக, ஆல்கஹால் இல்லாத பீர்கள் இப்போது நிஜமாகவே நன்றாக வருகின்றன. முன்பெல்லாம் நொதித்தலைப் பாதியில் நிறுத்திச் செய்தார்கள், வேகாத மாவின் இனிப்பு நிற்கும். இப்போது முழுக்க நொதிக்கவிட்டு, வெற்றிடத்தில் குறைந்த சூட்டிலோ சவ்வு வழியாக வடித்தோ ஆல்கஹாலை மட்டும் பிரித்துவிடுகிறார்கள். கோதுமை பீரில் இது இன்னும் நன்றாக அமைகிறது. வண்டி எடுத்து வந்த நண்பனும் எல்லோரையும் போல நுரை ததும்பும் கிளாஸோடு உட்கார்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும்.

ஐபிஏ விரும்பிகள் காத்திருப்பார்கள். எனக்கும் பிடிக்கும், ஒன்று மட்டும். எலுமிச்சைத் தோல், பைன் மரப் பிசின், மாம்பழம் என்று முதல் வாயே அறையை நிறைத்துவிடும். ஆட்டம் பார்க்கும்போதோ கூட்டத்திலோ அது வேண்டாம். பேசும் விஷயத்தை மறக்கடித்துவிட்டுத் தன்னைப் பற்றிப் பேசவைக்கும். ஆனால் ஒரு புதிய வேலையில் சேர்ந்த நாள் மாலையிலோ, நெடுநாள் இழுத்த ஒரு காரியத்தை முடித்த இரவிலோ ஒரு ஐபிஏ சரியாக இருக்கும். உள்ளே இருக்கும் பரபரப்புக்கு இணையாக நாக்கிலும் ஒன்று வேண்டும் அப்போது.

இந்தியாவுக்குக் கப்பலில் போகும்போது கெடாமல் இருக்கவே ஐபிஏவைக் கண்டுபிடித்தார்கள் என்ற கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. அது அப்படியே சரி இல்லை. நிறைய ஹாப்ஸ் போட்ட வெளிர் ஏல் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தது. லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கத்தில் ஜார்ஜ் ஹாட்ஜ்சனின் ஆலை இருந்தது, கப்பல் கேப்டன்களுக்கு அவர் தாராளமாகக் கடன் கொடுத்தார். அதனால் அவருடைய பீர் அதிகம் போனது. பின்னால் பர்ட்டன் ஊர்க்காரர்கள் அந்த வியாபாரத்தைப் பிடித்தார்கள். அவர்கள் தண்ணீரில் ஜிப்சம் அதிகம், ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக எடுத்துக்காட்டும். இன்று நாம் குடிக்கும் பழவாசனை ஐபிஏவுக்கு வழி திறந்தது 1972இல் அமெரிக்காவில் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் ரகம். 1980இல் சியரா நெவாடா ஆலை அதை வைத்துத் தன் பேல் ஏலைக் காய்ச்சியது.

மாதக்கணக்கில் கப்பலில் போன பெயரைத் தாங்கியிருந்தாலும் இன்றைய ஐபிஏ காத்திருக்கக் கூடாத பீர். ஹாப்ஸ் வாசனைதான் முதலில் ஓடிப்போகும். பாட்டிலில் தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெளிச்சமும் எதிரி. ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெயில் பட்டால் உடைந்து, நாற்றமடிக்கும் கந்தகச் சேர்மம் ஒன்றாக மாறிவிடும். பழுப்பு பாட்டில் பெரும்பாலும் தடுக்கும், பச்சையும் வெள்ளையும் தடுக்காது. மலையேற்றம் முடிந்து குடிக்கலாம் என்று பச்சை பாட்டில் ஒன்றைப் பையின் வெளிப்பக்கத்தில் செருகிக்கொண்டு போனேன் ஒருமுறை. உச்சியில் திறந்தபோது வந்த வாடையை இன்னும் மறக்கவில்லை.

தனியாக இருக்கும் இரவுகளுக்குத்தான் பேசும் பீர்கள். எனக்கு அதில் முதல் இடம் ஓர்வால். அதுவும் ட்ராப்பிஸ்ட் மடத்து பீர்தான், ஆலை 1931இல் தொடங்கியது. சிலிண்டரும் இல்லாமல் குடமும் இல்லாமல் தனி வடிவத்தில் பாட்டில், லேபிளில் வாயில் மோதிரம் கவ்விய மீன். டஸ்கனியின் மட்டில்டா சீமாட்டி தன் மோதிரத்தை அங்கிருந்த ஊற்றில் தவறவிட்டு, மனம் உருகி வேண்டியபோது ஒரு மீன் அதை மேலே கொண்டுவந்து கொடுத்ததாக மடத்தின் ஐதீகம். இந்த பீரைப் பாட்டிலில் அடைக்கும்போது ப்ரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். அது உள்ளேயே மெதுவாக வேலை செய்துகொண்டிருக்கும். புதிதாகக் குடித்தால் ஹாப்ஸ் மணமும் கசப்பும் முன்னால் நிற்கும். ஆறு மாதம் கழித்து அதே பாட்டிலில் தோல் வாசனை, வைக்கோல் வாசனை, உலர்ந்த முடிவு. ஒரு வருடத்துக்கு மேல் போனால் வேறொரு ஆள். நான் எப்போதும் இரண்டு வாங்கி, ஒன்றைத் திறப்பேன், மற்றதில் தேதி எழுதி வைப்பேன். இரவு பத்து மணிக்குப் பிறகு, ஒரு புத்தகம், ஒரு ஓர்வால். பன்னிரண்டு டிகிரியில் தொடங்கி அறையின் சூட்டுக்கு அது வந்து சேர்வதற்குள் ஒரு அத்தியாயம் முடிந்திருக்கும், பீரும் மூன்று முறை மாறியிருக்கும்.

வீடு மாறிய இரவில் வீணான ரோஷ்ஃபோர் 10ஐ இரண்டு வருடம் கழித்துச் சரியாகக் குடித்தேன். ஒரு பாட்டில், இரண்டு கிளாஸ், மனைவியும் நானும். மகளுக்குக் காய்ச்சல் விட்டு அவள் நன்றாகத் தூங்க ஆரம்பித்த முதல் இரவு. இரண்டு பேருக்கும் பேசத் தெம்பில்லை, பேசவும் ஒன்றுமில்லை. பீர் பேசியது. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஜெர்மனியின் பாம்பெர்க் ஊரின் புகை பீர், ரௌக்பியர், பற்றி நிறைய எழுதலாம். பீச் மரத்தை (பழ மரம் அல்ல, beech) கொளுத்தி அந்தப் புகையில் உலர்த்திய மால்ட்டில் காய்ச்சுவது. முன்னொரு காலத்தில் விறகில் மால்ட் உலர்த்திய இடங்களில் எல்லாம் பீரில் புகை ஏறித்தான் இருந்திருக்கும். அந்த ஊரின் ஷ்லென்கர்லா ஆலை அந்தப் பழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறது. நெருப்பு மூட்டி வெளியில் உட்காரும் குளிர் இரவுக்கு இது. முதல் கிளாஸில் முகம் சுளிப்பீர்கள், கிளாஸின் அடிக்கு வரும்போது புகை மறைந்து இனிப்பு தெரியும். அவசரப்படாதவர்களை மட்டும் அழைத்துப் போங்கள்.

பிரிவுக்கு ஒரு பீர் இருக்கிறது என்று பலருக்குத் தெரியாது. கூஸ். பிரஸ்ஸல்ஸைச் சுற்றிய சென் பள்ளத்தாக்கில் காய்ச்சும் லாம்பிக்கிலிருந்து வருவது. அங்கே ஈஸ்ட் சேர்ப்பதே இல்லை. அன்டர்லெக்ட்டில் 1900இல் தொடங்கிய கான்டிலோன் ஆலையின் மேல்தளத்தில் ஆழமில்லாத ஒரு பெரிய செம்புத் தொட்டியைப் பார்த்தேன். காய்ச்சிய சாற்றைக் குளிர்கால இரவில் அதில் பரப்பித் திறந்து வைத்துவிடுவார்கள். காற்றில் வரும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் தாமாக இறங்கிக்கொள்ளும். கோடையில் கெட்ட கிருமிகள் அதிகம் என்பதால் காய்ச்சுவதில்லை. பீப்பாய்களுக்கு நடுவே சிலந்தி வலைகளைக் கலைப்பதில்லை, பழ ஈக்களைச் சிலந்தி பார்த்துக்கொள்ளும். ஒரு வருடம், இரண்டு வருடம், மூன்று வருடம் கிடந்த லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைத்தால் கூஸ். இளையதில் மிச்சமிருக்கும் சர்க்கரை பாட்டிலுக்குள் மறுபடி நொதித்து ஷாம்பெயின் மாதிரி பொங்கும். பழையது ஆழத்தைக் கொடுக்கும். கூர்மையான புளிப்பு, பழைய மரம், ஈர மண்.

பத்து வருடம் பக்கத்து மேசையில் வேலை பார்த்த தோழி வேறு நாட்டுக்குப் போகும் முன்தினம் இதைத் திறந்தோம். மூன்று வருடங்களின் பீர் ஒரே பாட்டிலில் என்று சொன்னேன். அவள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, "அப்போ இதில் கொஞ்சம் நான் வேலையை விடப்போறேன்னு அழுத வருஷம்" என்றாள். அப்புறம் எந்த வருடம் என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்தோம். பேசும் பீர், பேசும் மனிதர்கள், இரண்டும் ஒரே மேசையில் பொருந்திப்போனது அந்த ஒருமுறைதான். என் விதி அன்று செல்லவில்லை. அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை.

போன மாதம், அந்த எட்டுப் பேரில் இன்னொருவன் வீடு மாறினான். இந்த முறை தரைத்தளம், ஆனால் பியானோ ஒன்று இருந்தது. ஐஸ்பெட்டி நிறைய பில்ஸ்னர் எடுத்துப் போனேன். எல்லாம் இறக்கி முடித்து உட்கார்ந்ததும் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். பியானோவை எந்தப் பக்கம் சாய்த்திருக்க வேண்டும் என்பதில் தொடங்கி, பழைய வீட்டு மாடித் திருப்பத்தில் சிக்கிய பீரோவுக்குப் பேச்சு திரும்பியது. அன்று சொல்லாமல் விட்ட கதை முழுவதும் வந்தது. மேலே நின்று தூக்கியவர்கள் ஒன்று சொன்னார்கள், கீழே நின்று தாங்கியவர்கள் வேறொன்று சொன்னார்கள். நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. ஐஸ்பெட்டி காலியானது. அது என்ன பீர் என்று கடைசிவரை ஒருவரும் கேட்கவில்லை.